நமுனுகுல மலையின் நிறம் எது?

நேயர்களே, ஓவியத்தைப் பற்றி வானொலியிற் பேசுவது சற்று விந்தையான முயற்சிதான். கண்ணாற் காணவேண்டிய ஒன்றைக் காதினாற் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லுவது போன்றது அது. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஓவியர்களைப் பொறுத்தவரையில் அந்தக் குறை பெரிதன்று. அவர்கள் தீட்டிய படங்கள் பாரிஸிலும் இலண்டனிலும் அமெரிக்காவிலும் தொங்குகின்றன. அவர்கள் எதைப் பார்த்துத் தீட்டினார்களோ அது பதுளையிலும் பசறையிலும் நாள்தோறும் வாயிற்படிக்கு வருகின்றது. அது வெளிச்சம்.

பதுளை நகரிலே நின்று தென்கிழக்கே நோக்கினால் நமுனுகுல மலை தெரியும். ஒன்பது கொடுமுடிகளை உடையது என்று அதன் பெயருக்குப் பொருள் கூறுவர். உயரம் 2,036 மீற்றர். அந்த மலையின் நிறம் என்ன என்று ஊவாவில் யாரைக் கேட்டாலும் பச்சை என்றே விடை வரும். அடிவாரம் முழுவதும் தேயிலை, அதற்கு மேலே காடு. பச்சை என்னாமல் வேறு என்ன சொல்வது? நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னதோடு நில்லாமல் அதைப் பிறருக்குக் கற்பித்தும் வந்தேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்த மலைச்சாரலில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியனாக இருந்தேன். சித்திரத்துக்குத் தனி ஆசிரியர் இல்லை. கணக்குப் படிப்பித்தவனே சித்திரமும் படிப்பித்தேன். ஒருநாள் 'எங்கள் மலை' என்று தலைப்புக் கொடுத்தேன். முப்பது பிள்ளைகள் முப்பது பச்சை மலைகளைக் கொண்டுவந்தனர். ஒரு சிறுமியின் தாளில் மட்டும் மலை கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. கையில் அகப்பட்ட வர்ணக் கட்டியை எடுத்துப் பூசிவிட்டாள் என்று நினைத்து, "மலை என்ன கத்தரிக்காயா?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "இல்லீங்க சேர், காலையில தம்பியப் பிள்ளைக்காம்பராவுல விடப் போறப்ப பாத்தேன். அப்ப இந்த நிறமாத்தான் இருந்திச்சு" என்றாள். நான் பத்துக்கு மூன்று புள்ளிகள் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

இந்தச் சிறு நிகழ்ச்சியை ஏன் சொல்லுகிறேன் என்றால், நான் அன்று சொன்ன சொல்லை எனக்கு முன்னரே ஒருவர் பாரிஸ் நகரிலே சொல்லியிருக்கிறார். அவர் பெயர் அல்பேர் வொல்ப். 'லெ பிகாரோ' என்னும் பத்திரிகையின் கலை விமரிசகர். 1876 ஆம் ஆண்டு பிஸாரோ என்ற ஓவியரின் படங்களைக் கண்டு, மரங்கள் ஊதா நிறமானவை அல்ல என்பதையும், வானம் வெண்ணெய் நிறமானது அன்று என்பதையும் யாராவது இந்த மனிதருக்கு எடுத்துரைக்க வேண்டும் என்று அவர் எழுதினார். அப்படி எழுதப்பட்ட பிஸாரோவின் படங்கள் இன்று உலகத்தின் பெரிய கலைக்கூடங்களில் இருக்கின்றன. வொல்ப்பின் பெயரை நாம் நினைவுகூர்வது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தினாலேதான்.

அந்த ஓவியர்களின் கதையைச் சுருக்கமாகக் கூறுவேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பிரான்ஸில் ஓவியன் ஒருவன் பெயர் பெறவேண்டுமாயின் 'சலோன்' எனப்பட்ட அரச கண்காட்சியில் அவனுடைய படம் இடம்பெறவேண்டும். அங்கே படங்களைத் தெரிவு செய்த நடுவர்கள், புராணக் காட்சிகளையும் வரலாற்று வீரர்களையும் பெரிதும் விரும்பினர். படம் அறைக்குள்ளே, வடக்குச் சாளரத்தின் அடங்கிய வெளிச்சத்தில் தீட்டப்படவேண்டும். நிழல் கபில நிறமாகவோ கருமையாகவோ இருக்கவேண்டும். தூரிகையின் தடம் தெரியாமல் மெருகு ஏறியிருக்கவேண்டும். இவற்றுக்கு உடன்படாத சிலர், 1874 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 15 ஆம் திகதி, பாரிஸிலே நாடார் என்னும் புகைப்படக்காரர் முன்பு தொழில் நடத்திய மாடியிலே தாமே ஒரு கண்காட்சியைத் திறந்தனர். மொனே, ரெனுவார், பிஸாரோ, சிஸ்லி, தெகா, செசான், பெர்த் மொரிஸோ என்ற பெண்மணி ஆகியோரை உள்ளிட்டு முப்பது பேரளவில் அதிற் கலந்துகொண்டனர். (நாடார் என்றதும் நம்முடைய நாடாரை நினைத்துக்கொள்ள வேண்டாம், அது அந்தப் பிரெஞ்சுக்காரர் தமக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர்.)

அந்தக் கண்காட்சியில் மொனே வைத்த படங்களுள் ஒன்று லெ ஹாவ்ர் துறைமுகத்தின் காலைக் காட்சி. மூடுபனி, அதனுள்ளே மங்கலாகத் தெரியும் கப்பற் பாய்மரங்கள், இரண்டொரு படகுகள், நடுவே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சூரியன், நீரிலே அதன் சிதறிய ஒளி, அவ்வளவுதான். அட்டவணையிலே போடுவதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டபொழுது, இதை லெ ஹாவ்ர் நகரின் காட்சி என்று சொல்லிவிட முடியாதே என்று எண்ணி, மனத்திற் பதிந்தது என்னும் பொருளுடைய 'இம்பிரெஷன்' என்ற சொல்லை அவர் கொடுத்தார். 'இம்பிரெஷன், சூரியோதயம்' என்று அது பெயர் பெற்றது. 'லெ ஷாரிவாரி' என்ற நகைச்சுவைப் பத்திரிகையில் எழுதிய லூயி லெருவா என்பவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். அச்சிட்டு முடியாத சுவரொட்டுக் கடதாசிகூட இந்தக் கடற்காட்சியைவிட நிறைவாக இருக்கும் என்று எள்ளி, கூட்டம் முழுவதையும் 'இம்பிரெஷனிஸ்டுகள்' என்று கேலி செய்தார். கேலிப்பெயர் நிலைத்துவிட்டது, ஓவியர்களே அதனைத் தமதாக்கிக்கொண்டனர். தமிழிலே மனப்பதிவு ஓவியர் என்று வழங்குகின்றோம். 1874 முதல் 1886 வரையில் எட்டுக் கண்காட்சிகள் நடந்தன. எட்டிலும் கலந்துகொண்டவர் பிஸாரோ ஒருவரே.

வெளியிலே சென்று படம் தீட்டுவது அவர்கள் கண்டுபிடித்த வழக்கம் என்று சொல்லமுடியாது. முன்னரும் சிலர் அதைச் செய்திருக்கின்றனர். ஆனால் இவர்களுக்கு இரண்டு வசதிகள் வாய்த்தன. ஒன்று தகரக் குழாய். 1841 ஆம் ஆண்டு ஜோன் ராண்ட் என்ற அமெரிக்கர், எண்ணெய் வர்ணத்தை அடைத்து வைக்கும் மெல்லிய உலோகக் குழாயை ஆக்கினார். அதற்குமுன் வர்ணத்தைப் பன்றியின் நீர்ப்பையிற் கட்டி வைப்பார்கள், ஊசியால் துளையிட்டுப் பிதுக்குவார்கள், மிஞ்சியது காய்ந்துபோகும். மற்றொன்று புகையிரதம். காலையிலே பாரிஸில் ஏறினால் சற்று நேரத்தில் ஆற்றங்கரைக் கிராமத்தில் இறங்கலாம். நம்முடைய பதுளைக்குப் புகையிரதம் 1924 ஆம் ஆண்டிலேதான் வந்தது. தெமோதரையில் மலையைச் சுற்றித் தன் பாதைக்குத் தானே கீழே நுழைந்து செல்லும் அந்த வண்டியின் சாளரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, ஒரே மலை பத்து நிமிடத்திற்குள் எத்தனை வேடம் போடும் என்பது தெரிந்திருக்கும்.

இனி அந்தக் கத்தரிப்பூ நிறத்துக்கு வருவோம். நிழலுக்கு நிறம் உண்டா? கருமைதானே நிழல் என்று நாம் எண்ணுகின்றோம். இதைச் சொல்லால் நிறுவுவதைவிடச் செய்து பார்ப்பது எளிது. இன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில், வெளியே இன்னும் சற்று வெளிச்சம் இருக்கையில், ஒரு வெள்ளைத் தாளைச் சாளரத்தருகே மேசைமேல் வையுங்கள். சாளரத்துக்கு எதிர்ப்புறத்தில் ஒரு மெழுகுதிரியையோ மண்ணெண்ணெய் விளக்கையோ ஏற்றுங்கள். தாளின் நடுவே ஒரு பென்சிலை நிறுத்துங்கள். இரண்டு நிழல்கள் விழும். விளக்கினால் விழுந்த நிழலிலே சாளரத்து வெளிச்சம் மட்டும் படுகின்றது. அது நீலமாகத் தோன்றும். சாளரத்தினால் விழுந்த நிழலிலே விளக்கின் ஒளி மட்டும் படுகின்றது. அது மஞ்சளாகத் தோன்றும். ஒரே பென்சில், ஒரே தாள், இரண்டு நிறமான நிழல்கள். கருமை எங்கே போயிற்று?

நிழல் என்பது வெளிச்சம் இல்லாத இடம் அன்று. ஒரு வெளிச்சம் மறைக்கப்பட்டு, வேறொரு வெளிச்சம் எஞ்சி நிற்கும் இடம். வெயில் நேரத்தில் மர நிழலிலே சூரியன் படாவிட்டாலும் நீல வானம் படுகின்றது; ஆகவே நிழல் நீலம் கொள்ளுகின்றது. இதில் ஓரளவு கண்ணின் வேலையும் உண்டு. பாரிஸிலே கொப்லான் என்னும் அரச நெசவுச்சாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரல் என்ற இரசாயன அறிஞரிடம், கருநிற நூல் மங்கலாக இருக்கின்றது என்று முறைப்பாடு வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார். அதிற் குற்றம் இல்லை. பக்கத்திலே நெய்த நீல நூலே கறுப்பின் பொலிவைக் கெடுத்தது என்று கண்டார். ஒரு நிறம் தன் அயலில் உள்ள நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை விரிவாக ஆராய்ந்து 1839 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். சிவப்பின் அருகே பச்சை மிகும். செம்மஞ்சளின் அருகே நீலம் மிகும். மஞ்சள் வெயிலின் அருகே நிழல் ஊதாவாகும். மனப்பதிவு ஓவியர் எல்லாரும் அந்த நூலைப் படித்துவிட்டுத்தான் தூரிகை எடுத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் பெரும்பாலும் பார்த்துக் கற்றவர்கள்.

பதுளைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது காலைச் சூரியன் நமுனுகுலவின் பின்புறமிருந்து எழுகின்றது. ஆகவே அந்த வேளையில் நாம் காண்பது மலையின் நிழற்பக்கம். மலைக்கும் நமக்கும் இடையே பல மைல் ஈரக் காற்று இருக்கின்றது. அந்தக் காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றது. மேலே கிழக்கு வானத்தின் செம்மை. நீலமும் செம்மையும் கூடுமிடத்தில் மலை எந்த நிறத்தைக் கொள்ளும்? தம்பியைத் தூக்கிக்கொண்டு அதிகாலையிலே அந்தப் பாதையில் நடந்த பிள்ளை கண்டதைத்தான் தீட்டியிருந்தாள். எட்டு மணிக்குப் பாடசாலைக்கு வந்த ஆசிரியன் பச்சையைக் கண்டேன். இல்லை, அதையும் நான் காணவில்லை. தேயிலை பச்சை என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். தெரிந்ததைக் கண்டதாக எண்ணிக்கொண்டேன்.

இவர்களுடைய படங்களை முதன்முறை அருகிலே நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு திகைப்பு உண்டாகும். கிட்டப் போனால் வெறும் திட்டுகளும் கீற்றுகளுமே தெரியும். சற்றுப் பின்வாங்கினால் அவை ஒன்றுகூடி நீராகவும் இலையாகவும் வெயிலாகவும் ஆகும். வர்ணங்களைத் தட்டிலே அதிகம் குழைத்துவிட்டால் அவை மழுங்கிச் சேறாகிவிடும். தனித்தனியே பக்கத்திற் பக்கமாக வைத்தால் பார்ப்பவர் கண்ணே அவற்றைக் கலந்துகொள்ளும். இந்த உண்மையைத் தோட்டத்து மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு தேயிலை மலை விரித்த கம்பளம் போல ஒரே பச்சையாக இருக்கும். உள்ளே இறங்கி நின்று பாருங்கள். கொழுந்து மஞ்சள் கலந்த இளம்பச்சை. முற்றிய இலை கரும்பச்சை, அதன் முதுகிலே வானத்தின் வெள்ளை மினுக்கம். தூரின் அடியிலே பாசி படிந்த சாம்பல் நிறம். சாலுக்கு இடையே செம்மண். கொழுந்துக் கூடையின் பழுப்பு. ஒரு பெண்ணின் சேலைத் தலைப்பில் ஒரு துளி சிவப்பு. இத்தனையும் சேர்ந்தே அந்தத் தூரத்துப் பச்சை உயிர்பெறுகின்றது. கடையில் வாங்கிய ஒரே பச்சை வர்ணத்தைத் தாள் முழுதும் பூசினால் அது ஏன் தேயிலை மலை போல இருப்பதில்லை என்பதற்கு விடை இதுதான். கவ்வாத்து வெட்டிய மலையைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு இன்னும் விரியும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது அவசரம். வெளிச்சம் நிற்பதில்லை. மொனே ஆற்றங்கரையிலே நெட்டிலிங்கம் போன்று உயர்ந்து நிற்கும் பொப்லார் மரங்களைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு குறிப்பிட்ட ஒளி ஏழு நிமிடங்களே நீடித்தது என்று அவருடைய அயலவரான ஓர் ஓவியப் பெண்மணி எழுதிவைத்திருக்கிறார். ஏழு நிமிடத்தில் மெருகேற்ற எங்கே நேரம்? அந்த மரங்களுக்கே ஒரு கதை உண்டு. படங்கள் முடியுமுன் மரங்களை வெட்டி விற்பதற்கு ஊரார் ஏலம் கூறிவிட்டனர். மொனே மர வியாபாரியிடம் சென்று, ஏலத் தொகையில் ஒரு பங்கைத் தாம் கொடுப்பதாகவும், சில மாதங்கள் மரங்களை விட்டுவைக்க வேண்டும் என்றும் உடன்பாடு செய்துகொண்டார். இது 1891 ஆம் ஆண்டு நடந்தது.

அதற்குச் சற்று முன்னர்தான் அவர் தம் வீட்டருகே வயலில் நின்ற தானியப் போர்களைத் தீட்டினார். நம் ஊர்களிலே சூடு வைப்பது போன்ற குவியல்கள் அவை. 1890, 1891 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ இருபத்தைந்து படங்கள், எல்லாம் அதே போர்கள். காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, வெயில் சாய்ந்தபின் ஒன்று, பனி மூடியபோது ஒன்று. பல சட்டங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒளி மாறியவுடன் ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். மறுநாள் அதே ஒளி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடருவார். 1891 ஆம் ஆண்டு மே மாதத்தில் பதினைந்து படங்களைப் பாரிஸில் ஒருங்கே தொங்கவிட்டார். வைக்கோலை வரைய இத்தனை படமா என்று கேட்கலாம். அவர் வரைந்தது வைக்கோலை அன்று. வைக்கோலின் மீது கடந்துசென்ற நாளை. அவற்றுள் ஒன்று 2019 ஆம் ஆண்டு ஏலத்திலே பதினொரு கோடி டொலருக்கு மேல் விலைபோயிற்று. அந்தத் தொகையைக் கேட்டு மயங்குவதிற் பயனில்லை. ஆனால் வைக்கோற் போரில் என்ன இருக்கின்றது என்ற கேள்விக்கு உலகம் சொன்ன விடைகளில் அதுவும் ஒன்று.

ஒரு பொருளைப் பல கோணங்களிலும் பருவங்களிலும் திரும்பத் திரும்ப நோக்கும் பழக்கம் கீழைத் தேசத்துக்குப் புதிதன்று. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய், பியூஜி என்னும் ஒரே மலையை முப்பத்தாறு காட்சிகள் என்ற தலைப்பிலே வரைந்தார். பின்னர் மேலும் பத்தைச் சேர்த்தார். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட அத்தகைய ஜப்பானியப் படங்களை மொனே பெருந்தொகையாகச் சேர்த்து வீட்டுச் சுவரெல்லாம் மாட்டியிருந்தார். நம்முடைய பழந்தமிழர் ஆண்டைப் பெரும்பொழுதாகவும் நாளைச் சிறுபொழுதாகவும் பகுத்து, இன்ன நிலத்துக்கு இன்ன பொழுது என்று வகுத்தனர். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை. நிலத்தைப் பொழுதினின்று பிரித்துப் பார்க்கவியலாது என்று உணர்ந்தவர்களே அப்படி வகுத்திருக்க முடியும்.

நமுனுகுலவுக்கும் பெரும்பொழுதுகள் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலே தென்மேற்குப் பருவக்காற்று நுவரெலியாப் பக்கத்தில் மழையை இறக்கிவிட்டு, மலைத்தொடரைக் கடந்து ஊவாவுக்கு வறண்ட காற்றாக வருகின்றது. அந்தக் காற்றிலே கொழுந்துக்கு ஒரு தனி மணம் ஏறுகின்றது. ஊவாத் தேயிலையின் பெயர் அந்தக் காலத்துத் தேயிலையாலேயே ஓங்கியது. அக்காலத்தில் காற்றிலே ஈரம் குறைவு. மலை அருகே வந்துவிட்டாற்போலத் தோன்றும், மடிப்புகளை எண்ணலாம், நிழல்கள் கூரிய நீலமாக விழும். மாலையில் சூரியன் மேற்கே சாயும்போது நாம் காணும் பக்கம் முழுவதும் பொன்னும் செம்மையும் ஆகும். அதே மலை நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகீழ்ப் பருவமழையில் முத்துச் சாம்பலாகிவிடும். சில நாள் இருக்கிறதோ இல்லையோ என்று ஐயுற வைக்கும். மழைவிட்ட கணத்தில் ஒரு முகில் இடுப்பளவில் கட்டியிருக்க, கொடுமுடி மட்டும் மிதக்கும்.

இங்கே ஒரு நேயர் எழுந்து, இதெல்லாம் நேரம் உள்ளவர்களுக்கு அல்லவா என்று கேட்கக்கூடும். கேட்பது நியாயம். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்களத்துக்கு ஓடி, அட்டைக் கடியிலும் மழையிலும் நிறுவைக்குக் கிலோ சேர்க்கும் ஒருத்திக்கு மலையின் ஊதா என்ன சோறு போடும்? மனப்பதிவு ஓவியர்களிற் பலர் ஓய்வையே தீட்டினர் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. படகுச் சவாரி, நடன மண்டபம், பூந்தோட்டம், குடை பிடித்த சீமாட்டிகள். ரெனுவாரின் உலகிலே ஞாயிற்றுக்கிழமை முடிவதே இல்லை என்று எனக்குச் சில வேளை தோன்றுவதுண்டு.

ஆயினும் பிஸாரோ வேறு மாதிரியானவர். அவர் பிறந்தது 1830 ஆம் ஆண்டு, கரீபியன் கடலிலே டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த சென் தோமஸ் என்னும் சிறு தீவில். கரும்புத் தோட்டங்களும் அவற்றில் உழைத்த ஆபிரிக்க அடிமைகளும் நிறைந்திருந்த தீவுகள் அவை. அங்கே அடிமைமுறை நீங்கியது 1848 ஆம் ஆண்டிலேதான். தந்தையார் கடை வைத்திருந்த வியாபாரி. துறைமுகத்தில் கணக்கு எழுத அனுப்பப்பட்ட மகன், அங்கே வேலை செய்தோரைச் சித்திரம் வரைந்துகொண்டிருந்தான். 1856 ஆம் ஆண்டு அவர் தீட்டிய படமொன்றிலே கடற்கரைப் பாதையில் இரண்டு கறுப்பினப் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருக்கின்றனர். ஒருத்தியின் தலையிலே சுமை. பிரான்ஸில் வாழ்ந்த காலத்திலும் அவர் வயலில் குனிந்து நிற்போரையும் ஆப்பிள் பறிக்கும் பெண்களையும் விடாமல் தீட்டினார். அந்தப் பெண்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பதில்லை. தம் வேலையைப் பார்க்கின்றனர். அவர்கள் மேல் விழும் வெயிலும் இலை நிழலும் சீமாட்டியின் மேல் விழுவது போலவே அத்தனை கவனத்தோடு தீட்டப்பட்டிருக்கும்.

இதனைத் தேயிலைப் பெட்டிகளின் மேலும் விளம்பரத் தாள்களின் மேலும் நாம் காணும் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பளிச்சென்ற பச்சை, கசங்காத சேலை, கூடையோடு ஒரு பெண் நம்மை நோக்கிப் புன்னகைக்கிறாள். அங்கே மழை இல்லை, படங்கு இல்லை, பொழுதும் இல்லை. எந்த மணியென்று சொல்லமுடியாத ஒரு வெளிச்சம். உலகம் நமது மலைகளை அறிந்திருப்பது பெரும்பாலும் அந்தப் படத்தினாலேதான். அதை எழுதியவர்கள் அதிகாலையில் அந்தப் பாதையில் நடந்தவர்கள் அல்லர். நடந்தவர்கள் கண்டதை எழுதினால் அது வேறாக இருக்கும். அதற்கு முதல் இடையூறு பள்ளிக்கூடத்திலேயே இருக்கின்றது என்பதற்கு நானே சாட்சி.

இந்தப் புதிய பார்வை இலங்கைக்கு வந்த வழியும் பள்ளிக்கூட வழிதான். 1920 ஆம் ஆண்டு சி. எப். வின்சர் என்ற ஆங்கில ஓவியர் கல்வித் திணைக்களத்தின் சித்திரப் பரிசோதகராக இங்கு வந்தார். அக்காலத்தில் நமது பாடசாலைகளிலே கனவடிவங்களையும் சாடிகளையும் நிழல்தீட்டி வரைவதே சித்திரம். வின்சர் அந்தக் கட்டுக்களைத் தளர்த்தினார். மொனே தொடங்கி செசான், வான் கோ வரையிலான ஓவியர்களைப் பற்றி இளைஞர்களுக்கு எடுத்துரைத்தார். யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை என்ற சித்திர ஆசிரியர் 1938 ஆம் ஆண்டு ஓவியர்களுக்கென்று ஒரு கழகம் அமைத்தபோது அதற்கு வின்சரின் பெயரையே சூட்டினார். கொழும்பிலே 1943 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், லயனல் வென்ட் என்ற புகைப்படக் கலைஞரின் இல்லத்திற் கூடி, ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ் முதலியோர் 'நாற்பத்து மூன்றாம் ஆண்டுக் குழு'வை அமைத்தனர். சிங்களவரும் பறங்கியரும் அதில் இருந்தனர். 1874 இல் பாரிஸில் நடந்ததைப் போலவே, பழைய கலைச் சங்கத்தின் கட்டுப்பெட்டித்தனத்தோடு ஒத்துப்போகாதவர்கள் தாமே தம் கண்காட்சியை நடத்தினர். அக்குழுவின் படங்கள் 1952 இல் இலண்டனிலும் 1953 இல் பாரிஸிலும் காட்டப்பட்டன.

அவர்கள் மொனேயைப் பின்பற்றினார்கள் என்று சொன்னால் தவறாகும். கீற்றின் கோடுகளிலே பிக்காஸோவும் நம் பழஞ் சுவரோவியங்களும் கலந்திருக்கின்றன. அது வேறு வழி. ஆனால் கண்டதைக் கண்டபடி தீட்ட ஓவியனுக்கு உரிமை உண்டு என்ற வாயிலைத் திறந்துவைத்தவர்கள் மனப்பதிவு ஓவியர்களே. கொழும்புக்குப் போக வாய்ப்புள்ளவர்கள், பார்ன்ஸ் பிளேஸ் வீதியிலே ஹரி பீரிஸ் வாழ்ந்த இல்லத்தில் அவர் நிறுவிய சபுமல் மன்றத்தின் தொகுதியைச் சென்று பார்க்கலாம். மலையகத்துத் தோட்டமொன்றில் பிறந்த ஒருவர் அந்தக் குழுவில் இருந்ததாக நான் அறியேன்.

அந்தச் சிறுமியின் தாளைத் திருப்பிக் கொடுத்து நான்கைந்து ஆண்டுகள் கழிந்தபின், கொழும்பிலே ஒரு நூலகத்தில் மொனேயின் தானியப் போர்களை அச்சுப் படங்களாகக் கண்டேன். ஊதா நிழல் ஒன்று தாளின் குறுக்கே நீண்டு கிடந்தது. பத்துக்கு மூன்று என்று நான் எழுதியது அப்பொழுது நினைவுக்கு வந்தது. ஊருக்குத் திரும்பி விசாரித்தேன். அவள் பாடசாலையை விட்டுக் கொழுந்தெடுக்கப் பெயர் பதிந்துவிட்டாள். தாள் எங்கே என்று கேட்பதற்கு எனக்கு நா எழவில்லை.

அதற்குப் பிறகு வந்த வகுப்புக்கு வேறு விதமாக வேலை கொடுத்தேன். ஒரு தாளை நான்காக மடியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மலையை வரையுங்கள், ஆனால் நான்கு வேறு நேரங்களில் பார்த்து வரையுங்கள். பார்த்த நேரத்தைக் கீழே எழுதுங்கள் என்றேன். அது நவம்பர் மாதம். ஊதாவும் சாம்பலும் செம்மையும் வந்தன. பச்சையும் வந்தது, நண்பகற் கட்டங்களில். ஒரு பையன் மூன்று கட்டங்களை நிரப்பியிருந்தான். நான்காவது வெறும் வெள்ளையாக இருந்தது. கீழே 'காலை ஆறரை' என்று மட்டும் எழுதியிருந்தான். ஏன் வரையவில்லை என்று கேட்டேன்.

"வரைஞ்சிட்டேன் சேர்" என்றான். "அந்த நேரம் மலையே இல்ல; மூடியிருந்திச்சு."